பலூன் சைனுப்பிளாஸ்டியை கிளினிக் நாற்காலியிலேயே செய்ய: யாருக்கு, எப்படி, எங்கே சறுக்கும்?

கரூர்_காமூதொ கேட்டது:

வணக்கம். தனி கிளினிக். ஃபெஸ் (எண்டோஸ்கோப் வழியே சைனஸைத் திறக்கும்) அறுவைகள் பக்கத்து நர்சிங் ஹோம் தியேட்டரில் முழு மயக்கத்தில் நடக்கின்றன. சில நோயாளிகளுக்கு மட்டும் கிளினிக்கிலேயே மரப்பு மருந்து கொடுத்து பலூன் விரிப்பு (அடைத்த சைனஸ் வாய்க்குள் சிறு பலூனை விட்டு ஊதித் திறப்பது) தொடங்கலாமா என்று பார்க்கிறேன். கைவசம் 4 மிமீ ஸ்கோப் 0°, 30° இரண்டும், கேமரா, ஒரு சக்‌ஷன், சாயும் நாற்காலி, பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கின்றன. மைக்ரோடிபிரைடர் (திசுவைச் சீவி உறிஞ்சும் கருவி) தியேட்டரில்தான்.

பலூன் கம்பெனிக்காரர் சொல்வதைக் கேட்டால் தலைவலிக்காரர் எல்லாருக்கும் செய்துவிடலாம் போல இருக்கிறது. அதனால் இங்கே கேட்கிறேன். யாருக்குச் செய்யலாம், யாருக்குத் தொடவே கூடாது? உட்கார்ந்தபடியே இருக்கும் ஆளுக்கு மரப்பு எந்த அளவில், எந்த வரிசையில்? பலூன் அளவு, அழுத்தம்? சின்ன பாலிப்களையும் (மூக்குச் சவ்வின் தொங்குசதை) அதே அமர்வில் எடுக்கலாமா? இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

ரைனோ_மதுரை:

டாக்டர், முதல் கேள்விக்குத்தான் பெரிய பதில். பலூனை ஊதுவது சுலபம். ஆள் தேர்வில்தான் முக்கால்வாசி வெற்றி தீர்மானமாகிறது.

நாள்பட்ட சைனுசைட்டிஸ் என்று சொல்ல 12 வாரத்துக்கு மேல் தொந்தரவு இருக்க வேண்டும்: அடைப்பு, சளி ஒழுக்கு, முக அழுத்தம், வாசனை குறைவு இவற்றில் இரண்டு, அதில் ஒன்று அடைப்பாகவோ ஒழுக்காகவோ இருந்தாக வேண்டும். அதோடு எண்டோஸ்கோப்பிலோ சிடியிலோ கண்ணால் காணும் ஆதாரம். பிறகு 6 முதல் 12 வாரம் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, உப்புநீர்க் கழுவல். அதற்கும் அடங்காதவர்களுக்கே இந்தப் பேச்சு. ஸ்ப்ரேயை மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தவரை 'மருந்துக்கு அடங்காதவர்' என்று கணக்கில் எடுக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் பேர் அங்கேயே மாட்டுவார்கள்.

அமெரிக்க காது மூக்கு தொண்டை அகாடமி 2018-இல் பலூனுக்கென்றே ஒருமித்த கருத்து அறிக்கை வெளியிட்டது. அறிகுறி, சிடி ஆதாரம் இரண்டும் சேர்ந்து இல்லாதவருக்கு, அதாவது ஒன்று குறைந்தாலும், பலூன் பொருந்தாது, செய்வதற்கு முன் சிடி கட்டாயம், சைனஸ் நோய் இல்லாத வெறும் தலைவலிக்குச் செய்யக்கூடாது: மூன்றையும் அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கம்பெனிக்காரர் அடுத்த முறை வரும்போது இதை மேசையில் வைத்துப் பேசுங்கள். சுத்தமான சிடியோடு வரும் 'சைனஸ் தலைவலி'யில் பெரும்பகுதி மைக்ரேன்தான்.

நல்ல தேர்வு யார்? மேக்சிலரி (கன்னச் சைனஸ்) மட்டும், அல்லது அதோடு முன் எத்மாய்டில் (கண்களுக்கு இடையிலுள்ள சைனஸ்) கொஞ்சம், பாலிப் இல்லாமல். 2013-இல் வெளியான ரீமாடல் ஆய்வில் பலூன் ஃபெஸ்ஸுக்கு ஈடாக நின்றது இந்த மாதிரி எளிய நோயில்தான். அந்த முடிவைத் தூக்கிக்கொண்டு போய் எல்லா சைனசும் அடைத்த ஆளிடம் வைக்க முடியாது. வருடத்துக்கு 4 முறையோ அதற்கு மேலோ கடுமையான சைனுசைட்டிஸ் வந்து, இடையில் முழுசாகத் தெளிந்துவிடுபவர்களும் பொருந்துவார்கள். முன்பே ஃபெஸ் ஆகி, ஃபிரான்டல் (நெற்றிச் சைனஸ்) வாய் மட்டும் தழும்பால் சுருங்கியவர்களும் நல்ல பலன் பெறுவார்கள்.

எத்மாய்டுக்குப் பலூன் இல்லை. தேன்கூடு மாதிரி அறை அறையாக இருப்பதில் எந்த வாயை விரிப்பது? நோய் முக்கியமாக அங்கே இருந்தால் அறைச்சுவர்களை எடுத்தே ஆக வேண்டும், அதற்கு ஃபெஸ்தான்.

தொடக்கூடாத பட்டியல் கொஞ்சம் நீளம். ஒரே பக்க நோய் என்றால் கட்டி இல்லை என்று உறுதியாகும் வரை கை வைக்காதீர்கள். இன்வர்டட் பாப்பிலோமா என்ற கட்டி சாதாரண பாலிப் வேஷத்தில்தான் வரும். ஒரே சைனசுக்குள் சிடியில் வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தால் பூஞ்சை உருண்டை. அது 6 மிமீ துளை வழியாக வெளியே வராது. பல சைனஸ் உப்பி, எலும்பு மெலிந்து, உள்ளே இரட்டை அடர்த்தி தெரிந்தால் ஒவ்வாமைப் பூஞ்சை சைனுசைட்டிஸ். நம் நாட்டில் இது நிறையவே வருகிறது, இதற்கும் பலூன் வேண்டாம். சர்க்கரை கட்டுப்பாடு இல்லாதவருக்கு முகம் மரத்துப்போவது, டர்பினேட் (மூக்கின் பக்கச் சுவர் மடிப்பு) கருத்திருப்பது, அண்ணத்தில் கறுப்பு என எது தெரிந்தாலும் மியூகர் (கறுப்புப் பூஞ்சை) என்று எடுத்துக்கொண்டு அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 2021-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம்.

கடைசியாக, சிடி கொரோனல் படத்தில் அன்சினேட்டையும் (மேக்சிலரி வாயை மறைக்கும் மெல்லிய எலும்புத் தகடு) லாமினாவையும் (கண்குழியின் உள்சுவர்) தேடிப் பாருங்கள். மேக்சிலரி சைனஸ் சுருங்கி, அன்சினேட் பக்கவாட்டில் போய் கண்குழிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தால், வழிகாட்டிக் கம்பி தவறுதலாகக் கண்குழிக்குள் நுழைய அதுவே போதும். பலூன் விற்பவர் காட்டும் வீடியோவில் அன்சினேட் எப்போதும் ஒழுங்காகவே இருக்கும்.

---

மயக்கமருந்து_நெல்லை:

மரப்பு பற்றி. கிளினிக்கில் நடக்கும் விபத்துகளில் பலூனுக்குப் பங்கு குறைவு, பஞ்சுக்கும் ஊசிக்கும் பங்கு அதிகம்.

முதலில் கணக்கு. லிக்னோகைன் உச்ச அளவு தனியாக 4.5 மிகி/கிலோ, அட்ரினலினோடு 7 மிகி/கிலோ. மூக்குச் சவ்வு மருந்தை எவ்வளவு வேகமாக உறிஞ்சும் என்று சொல்ல முடியாது. ஆகவே அட்ரினலின் சேர்த்திருந்தாலும் 4.5-ஐயே எல்லையாக வையுங்கள். 50 கிலோ ஆளுக்கு 225 மிகி. 4% கரைசல் ஒரு மிலியில் 40 மிகி. பஞ்சுக்கு 4 மிலி எடுத்தாலே 160 மிகி போயிற்று. ஊசிக்கு 2% மருந்து 3 மிலி என்றால் இன்னும் 60. மொத்தம் 220, எல்லையைத் தொட்டாகிவிட்டது. இதற்கு மேல் தொண்டைக்கு 10% ஸ்ப்ரே அடித்தால் ஒவ்வோர் அழுத்தலும் 10 மிகி. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அங்கேதான் எல்லை மீறுகிறது. இரு பக்கமும் செய்வதென்றால் பஞ்சை நனைத்ததும் நன்றாகப் பிழிந்துவிட்டு வையுங்கள். சொட்டச் சொட்ட வைத்தால் மிச்சம் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகும், விழுங்குவதும் மரத்து இருமல் வரும்.

வரிசை: ஆக்சிமெட்டாசோலின் 0.05% ஸ்ப்ரே இரு பக்கமும், 10 நிமிடம். பிறகு 4% லிக்னோகைனும் ஆக்சிமெட்டாசோலினும் சரிபாதி கலந்த பஞ்சு: ஒன்று நடு டர்பினேட்டின் கீழே, ஒன்று நடு மீயேட்டசுக்குள் (நடு டர்பினேட்டுக்கும் பக்கச் சுவருக்கும் இடையிலுள்ள பள்ளம்), ஒன்று டர்பினேட்டுக்கும் நடுச்சுவருக்கும் இடையில் பின்னோக்கி. 10 முதல் 15 நிமிடம் கடிகாரம் பார்த்து. அவசரப்பட்டு 5 நிமிடத்தில் எடுத்துவிட்டு, 'இந்த ஆள் தாங்க மாட்டார்' என்று நோயாளி மேல் பழி போடுவது வழக்கமாக நடக்கிறது. பிறகு ஊசி, மெல்லிய 27 கேஜ் நீள ஊசியில், ஒவ்வோர் இடத்திலும் சுமார் 0.5 மிலி: அன்சினேட், நடு டர்பினேட் ஒட்டும் அக்குள், டர்பினேட்டின் பின்முனை. ஃபிரான்டல் செய்வதானால் மேலே முன்புறம், முன் எத்மாய்டல் நரம்பு வரும் பகுதியில் தனியாக ஒரு பஞ்சு வேண்டும். இல்லையேல் கம்பி மேலே ஏறும்போது ஆள் துள்ளுவார்.

ஊசிக்கு எந்தக் குப்பி என்பதைப் பார்த்து எடுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் 30 மிலி குப்பி 2% லிக்னோகைனோடு 1:2,00,000 அட்ரினலின். பல் மருத்துவக் குப்பி 1:80,000. இரண்டும் ஒன்றல்ல. 1:1000 அட்ரினலினைப் பஞ்சுக்குப் பயன்படுத்துபவர்கள் அதில் ஃப்ளோரசீன் போட்டு நிறம் மாற்றி வைக்க வேண்டும். நிறமில்லாத இரண்டு கிண்ணம் ஒரே தட்டில் இருந்தால், 1:1000 ஒருநாள் ஊசிக்குள் ஏறும். அது நெஞ்சுத் துடிப்பைத் தாறுமாறாக்கும், நுரையீரலில் நீர் கோக்கும், உயிரையும் எடுக்கும்.

ரத்த அழுத்தம் முன்னதாகவே பாருங்கள். 180/110-க்கு மேல் இருந்தால் வேறு நாள். புரோபிரனலால் எடுப்பவரா என்று கேளுங்கள், அட்ரினலினோடு சேர்ந்தால் அழுத்தம் ஏறி இதயத்துடிப்பு விழும். பஞ்சு வைத்த பிறகு அழுத்தம் எகிறினால் பஞ்சை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் இறங்கிவிடும். பதறிப்போய் பீட்டா பிளாக்கர் ஏற்றாதீர்கள். ரத்தக்குழாய் இறுகியிருக்கும் நேரத்தில் இதயத்தின் கையையும் கட்டினால் நுரையீரல் நீர்க்கோப்பில் முடியும்.

அடிக்கடி பார்ப்பது மயங்கிச் சாய்வதுதான். வியர்வை, கொட்டாவி, முகம் வெளுப்பு. ஸ்கோப்பை எடுத்துவிட்டு நாற்காலியைத் தட்டையாக்கிக் காலை உயர்த்துங்கள். துடிப்பு ஏறாவிட்டால் அட்ரோபின் 0.6 மிகி. உதட்டைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை என்று சொன்னால் அது லிக்னோகைன் நச்சு, அங்கேயே நிறுத்துங்கள். 20% லிப்பிட் (நச்சை முறிக்கும் கொழுப்புக் குழம்பு) பாட்டில் அறையில் இருக்கட்டும். முதல் அளவு 1.5 மிலி/கிலோ, அதாவது 50 கிலோவுக்கு 75 மிலி. வலிப்புக்கு மிடசோலம். ஐவி கேனுலா போடாமல் ஊசியே போடாதீர்கள்.

இன்னொன்று. பாலிப், ஆஸ்துமா இரண்டும் உள்ளவரிடம் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்காமல் வலி மாத்திரை எழுதாதீர்கள். பாராசிட்டமால் போதும்.

---

ரைனோ_மதுரை:

நெல்லைக்காரர் சொன்ன 10–15 நிமிடத்தை இரட்டைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விரிப்பு. முதல் சில நோயாளிகளைக் கிளினிக்கில் செய்ய வேண்டாம். தியேட்டரில் ஃபெஸ் செய்யும்போதே ஒரு பக்கம் பலூன் போட்டு, பிறகு அன்சினேட்டை எடுத்துப் பார்த்து, பலூன் உண்மையில் எந்த வாய்க்குள் போயிருந்தது என்று கண்ணால் பாருங்கள். இதைப்போல் பாடம் வேறில்லை.

வழிகாட்டிக் குழாயின் வளைவு மேக்சிலரிக்கு சுமார் 110°, ஃபிரான்டலுக்கு 70°, ஸ்பீனாய்டுக்கு (மூக்கின் பின்கோடியிலுள்ள சைனஸ்) நேராக. பலூன் விட்டம் மேக்சிலரிக்கு 6 அல்லது 7 மிமீ, ஃபிரான்டலுக்கு 5 அல்லது 6, ஸ்பீனாய்டுக்கு 6. 4 மிமீ ஸ்கோப்போடு வழிகாட்டியும் சேர்ந்தால் குறுகிய மூக்கில் இடம் போதாது. 2.7 அல்லது 3 மிமீ ஸ்கோப் ஒன்று வாங்கிவிடுங்கள், நாற்காலியில் அது இல்லாமல் ஓடாது. நடுச்சுவர் வளைந்து நடு மீயேட்டஸே தெரியாதவரைத் தியேட்டருக்கே கூட்டிப் போங்கள்.

மேக்சிலரியில் நடக்கும் முதல் தவறு: இயல்பான வாய் அன்சினேட்டுக்குப் பின்னால், இன்ஃபண்டிபுலம் என்ற பள்ளத்தின் அடியில், முன்னும் கீழுமாக ஒளிந்திருக்கும். ஸ்கோப்பில் நேராகத் தெரியும் வட்டத் துளை பெரும்பாலும் பின் ஃபான்டனெல்லில் (எலும்பில்லாத சவ்வுப் பகுதி) உள்ள துணைத் துளைதான். அதை விரித்தால் சளி இயல்பான வாய் வழியாக வெளியே வந்து, துணைத் துளை வழியாக மறுபடி உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். நோயாளி முன்னைவிட மோசமாகத் திரும்பி வருவார். ஆகவே வளைந்த பந்துமுனை சீக்கரால் (தேடு கம்பி) அன்சினேட்டின் பின்விளிம்பை மெதுவாக முன்னால் தள்ளி, வழிகாட்டியின் நுனியை அதன் பின்னால் கொக்கி போல மாட்டி, கீழும் பக்கவாட்டுமாகத் திருப்பி, அதன் பிறகே கம்பியை விடுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தடை வந்தால் பின்னால் எடுத்து மீண்டும் தேடுங்கள். தள்ளக்கூடாது.

ஒளிக்கம்பி வைத்திருந்தால் அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். மேக்சிலரிக்குள் இருந்தால் கன்னம் நன்றாக ஒளிரும், கம்பியை ஆட்டினால் ஒளியும் நகரும். கண்ணின் உள்மூலையில் மட்டும் ஒளி என்றால் நீங்கள் இருப்பது எத்மாய்டில். ஃபிரான்டலில் நெற்றியில் கூர்மையான பொட்டு ஒளி தெரிய வேண்டும், கம்பி சுழன்றால் அதுவும் இடம் மாற வேண்டும். மங்கலாகப் பரவிய ஒளி என்றால் புருவத்துக்குக் கீழுள்ள எத்மாய்டு அறையிலோ அகர் நேசியிலோ (எத்மாய்டின் முன்கோடி அறை) இருக்கிறீர்கள். ஸ்பீனாய்டில் ஒளியை நம்ப முடியாது. வாயை நேரில் கண்டு, டர்பினேட்டுக்கு உள்பக்கமாக மட்டும் போங்கள், அல்லது நேவிகேஷன் (கருவியின் இடத்தைச் சிடி படத்தில் காட்டும் அமைப்பு) வேண்டும். பார்வை நரம்பும் கரோட்டிட் தமனியும் பக்கச் சுவரில் இருப்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பலூனையும் குழாயையும் உப்புநீரால் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் வெளியேற்றுங்கள். குமிழி இருந்தால் மானி காட்டும் எண்ணுக்கும் உள்ளே உள்ள அழுத்தத்துக்கும் சம்பந்தம் இருக்காது. மெதுவாக ஏற்றுங்கள். 10 முதல் 12 அட்மாஸ்ஃபியர் வரை, அந்தப் பலூனின் உறையில் அச்சிட்ட உச்சத்தைத் தாண்டாமல். 5 முதல் 10 வினாடி பிடித்து, முழுக்க இறக்கி, பிறகே நகர்த்துங்கள். ஊதிய பலூனை இழுத்தால் சவ்வு உரிந்து வரும், பின்னால் வட்டத் தழும்பு விழும். ஃபிரான்டல் வழி நீளமாக இருந்தால் பின்னால் சற்று இழுத்து இரண்டாம் முறை விரிக்கலாம்.

ஏற்றும்போது மெல்லிய எலும்பு நொறுங்கி 'படக்' என்று காதுக்குள் கேட்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், மண்டை உடைந்துவிட்டது என்று ஆள் எழுந்துவிடுவார். வலி பெரும்பாலும் அந்த 10 வினாடிதான்.

விரித்ததும் சீழ் வந்தால் சக்‌ஷனில் இழுத்துக் கொட்டிவிடாமல் சளிப் பொறியில் பிடித்துக் கல்ச்சருக்கு அனுப்புங்கள். பிறகு உப்புநீர்க் கழுவல் குழாய்.

---

ஓடி_சிஸ்டர்:

டாக்டர்ஸ் எல்லாரும் பலூனைப் பத்தியே பேசுறீங்க, தட்டைப் பத்தி நான் சொல்றேன்.

நூல் இல்லாத பஞ்சு உள்ள போகக் கூடாது. எத்தனை வச்சோம்னு பலகைல எழுதணும், எடுக்கும்போது எண்ணி அடிக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பக்கம் நாத்தம்னு பேஷன்ட் வந்தா முதல்ல தேட வேண்டியது மறந்துபோன பஞ்சு. பஞ்சுக் கிண்ணமும் ஊசிக் கிண்ணமும் ஒரே தட்டுல வேண்டாம். கிண்ணத்துல மருந்து ஊத்தினதும் லேபிள், அப்புறமா எழுதிக்கலாம்ங்கிற பேச்சே கூடாது.

சக்‌ஷன் ரெண்டு வேணும். ஒன்னு டாக்டர் கைக்கு, ஒன்னு பேஷன்ட் வாய்க்கு. உக்காந்திருக்கிறவங்களுக்கு ரத்தம் தொண்டைக்கு இறங்கும், முழுங்கினா வாந்தி வரும். தாடைக்குக் கீழ கிட்னி ட்ரே, கழுத்தைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சு வச்சா பாதி பிரச்னை இல்ல. வளைஞ்ச சக்‌ஷன் முனை ஃபிரான்டலுக்குத் தனியா எடுத்து வைங்க. மூக்குல அடைக்கிற ஸ்பாஞ்ச் எப்பவும் தேவைப்படாது, ஆனா ரத்தம் நிக்காதப்ப தேடிட்டு இருக்கக் கூடாது.

ஸ்கோப் ஒன்னே ஒன்னுன்னா ஒரு நாள்ல அடுத்தடுத்து ரெண்டு பேர் போடாதீங்க. 0.55% ஓபிஏ கிருமிநாசினிக் கரைசல்ல முழுசா முங்கி 12 நிமிஷம், அதுக்கு முன்னாடி என்சைம் கழுவல், அதுக்கப்புறம் மூணு தடவை ஸ்டெரைல் தண்ணி. கரைசலோட வீரியத்தை ஸ்ட்ரிப் போட்டு தினமும் பாக்கணும்.

பலூனை ஈடிஓ வாயுல ஸ்டெரைல் பண்ணித் திரும்பப் போடலாமான்னு கேப்பாங்க. வேண்டாம். உள்குழாய்ல காஞ்ச ரத்தம் போகாது, பலூன் சுவரும் முதல் ஊதல்லயே நீண்டு போயிருக்கும். அடுத்த தடவை உள்ளயே கிழியும். போட்டு முடிச்சதும் வெட்டி சிவப்புப் பையில. ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில.

---

கரூர்_காமூதொ:

அனைவருக்கும் நன்றி. ஒரு நோயாளியின் விவரம் போடுகிறேன். 38 வயது. வலது பக்கம் மட்டும் ஆறு மாதமாகக் கெட்ட வாடையோடு சளி. சிடியில் வலது மேக்சிலரி முழு அடைப்பு, எத்மாய்டில் கொஞ்சம், இடது பக்கம் சுத்தம். பாலிப் இல்லை. 16-ஆம் பல்லுக்கு (வலது மேல் முதல் கடைவாய்ப் பல்) முன்பே ரூட் கெனால் ஆகியிருக்கிறது, பல்லில் வலி இல்லை. மேக்சிலரி மட்டும் என்ற கணக்கில் இவர் பலூனுக்குப் பொருந்துகிறாரே?

---

பழையபள்ளி:

பொருந்தவில்லை. ஒரு பக்கம், கெட்ட வாடை, மேல் கடைவாய்ப் பல்லில் பழைய ரூட் கெனால்: மூன்றும் ஒன்றாக வந்தால் பல்லில் இருந்து வந்த சைனுசைட்டிஸ் என்றுதான் தொடங்க வேண்டும். பல் வலிக்கவில்லை என்பது ஒன்றையும் விலக்காது. சீழ் சைனசுக்குள் வடிந்துகொண்டிருக்கும்போது அழுத்தம் கட்டாது, வலியும் வராது.

ரூட் கெனால் ஆகிவிட்டது என்பதும் பாதுகாப்பு இல்லை. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் முன் கன்ன வேருக்குள் இரண்டாவது கால்வாய் ஒன்று உண்டு, அது விட்டுப்போவது வெகு சாதாரணம். ஓபிஜியில் (முழுத் தாடை எக்ஸ்ரே) தெரியாது. கோன் பீம் சிடி (பல், தாடைக்கான நுண் சிடி) எடுத்து வேர்நுனியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் இருக்கிறதா, சைனஸ் தரை எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண சைனஸ் சிடி அறிக்கையில் பல்லைப் பற்றி எழுதாமலே விடுவார்கள். அதனால் எலும்பு ஜன்னலில் (எலும்பைத் தெளிவாகக் காட்டும் சிடி அமைப்பு) நீங்களே வேர்நுனி வரை கீழே இறங்கிப் பாருங்கள்.

கூடவே சைனசுக்குள் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்றும் தேடுங்கள். ரூட் கெனால் அடைப்புப் பசையில் துத்தநாகம் இருந்து அது வேர்நுனி தாண்டி சைனசுக்குள் போயிருந்தால், ஆஸ்பர்ஜில்லஸ் உருண்டை வளர அது வசதி செய்து கொடுக்கும். அப்படியானால் பெரிய ஆன்ட்ராஸ்டமி (மேக்சிலரி வாயை வெட்டி அகலமாக்குவது) செய்து முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும்.

எண்டோடான்டிஸ்டிடம் (பல் வேர் மருத்துவர்) அனுப்பிப் பல்லை மறு சிகிச்சை செய்யவோ எடுக்கவோ செய்யுங்கள். பலருக்கு அதோடு சைனசும் தெளியும். தெளியாதவருக்கு ஆன்ட்ராஸ்டமி. பல்லை விட்டுவிட்டு 7 மிமீ வாய் திறந்தால், சீழ் வெளியே வர நல்ல ரோடு போட்டுக் கொடுத்த கதைதான்.

பாலிப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நடு மீயேட்டசில் தொங்கும் பாலிப்பை நாற்காலியில் மைக்ரோடிபிரைடரால் சீவ முடியும். 5000 சுற்று ஆசிலேட் முறை, சக்‌ஷன் ஓடிக்கொண்டே இருக்க, பிளேடின் வாய் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி. ஆனால் மூச்சு விட வழி கிடைக்குமே தவிர எத்மாய்டுக்குள் இருக்கும் வேர் அங்கேயேதான் இருக்கும். முன்பு முழு ஃபெஸ் ஆகி, திறந்த குழியில் மீண்டும் ஒன்றிரண்டு முளைத்தவருக்கு இது நல்ல வழி. மயக்கத்துக்கு ஆகாத முதியவருக்கும் சரி. முதல்முறை வரும் இரு பக்கப் பாலிப்காரருக்கு நாற்காலியில் சீவி அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். ஃபோர்செப்ஸால் பிடித்து இழுப்பதையும் விட்டுவிடுங்கள், மேல் முனை எங்கே ஒட்டியிருக்கிறது என்று இழுக்கும் கைக்குத் தெரியாது. மூக்குக்கும் மூளைக்கும் இடையிலுள்ள கிரிப்ரிஃபார்ம் தகட்டருகே இழுத்தால் மூளைத்தண்டுவட நீர் கசியும். எடுத்ததில் இரு பக்கத்தையும் தனித்தனிக் குப்பியில் பயாப்சிக்கு அனுப்புங்கள்.

அமெரிக்காவில் இந்தத் திரும்ப வரும் பாலிப்களுக்கு 1350 மைக்ரோகிராம் மொமெட்டாசோன் ஸ்டீராய்டு வைத்த விரியும் ஸ்டென்ட் ஒன்று, சினுவா, 2017 டிசம்பரில் அனுமதி பெற்றது. எத்மாய்டு முன்பே திறந்தவருக்கு மட்டும், கிளினிக்கிலேயே வைத்து, 90 நாள் மருந்து கசியும். பழைய ப்ரொப்பெல் வேறு: 370 மைக்ரோகிராம், 30 நாள், அறுவை முடிவில் வைப்பது. இரண்டையும் குழப்பிப் பேசுகிறார்கள்.

பின் நாசி நரம்பை உறைய வைக்கும் கிரையோ கருவியையும் 'சைனஸ் சிகிச்சை' என்று விற்க வருவார்கள். அது நாள்பட்ட ரைனைட்டிஸுக்கு, தண்ணீராக ஒழுகும் மூக்குக்கு. அடைத்த மேக்சிலரியோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

---

கிளெய்ம்_மேசை:

இன்சூரன்ஸ் பக்கம் சொல்கிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் விலக்குகளைச் சீர்ப்படுத்தியபோது, நவீன சிகிச்சை என்பதற்காகவே மறுக்கக்கூடாதவை என்று ஒரு பட்டியல் கொடுத்தது. ரோபோ அறுவை, வாய்வழி கீமோ முதலியவற்றோடு பலூன் சைனுப்பிளாஸ்டியும் அதில் பெயரோடு இருக்கிறது. மறுக்க முடியாது, ஆனால் உச்சவரம்பு வைக்கலாம். பல பாலிசிகளில் வைத்திருக்கிறார்கள், ஆகவே அட்டவணையைப் படிக்காமல் நோயாளியிடம் 'முழுசாகக் கிடைக்கும்' என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்களுக்குச் சிக்கல் வேறிடத்தில். டே கேர் சிகிச்சை என்றால் மருத்துவமனையிலோ டே கேர் மையத்திலோ, முழு மயக்கத்திலோ மரப்பிலோ, 24 மணிக்குள் முடிவது. வழக்கமாக வெளிநோயாளியாகச் செய்வது அதில் சேராது என்று வரையறையிலேயே இருக்கிறது. கிளினிக் நாற்காலியில் செய்து ஓபி பில் போட்டால், பட்டியலில் பெயர் இருந்தாலும் கிளெய்ம் திரும்பும். இன்சூரன்ஸ் நோயாளி என்றால் பதிவு பெற்ற நர்சிங் ஹோமில் டே கேராகச் சேர்த்து, அங்கே மரப்பில் செய்வதே வழி. கிளினிக்கில் செய்துவிட்டு அங்கே செய்ததாகக் காகிதம் தயார் செய்வது மோசடி. மாட்டினால் உரிமம் வரை போகும்.

முன் அனுமதிக்கு வைக்க வேண்டியவை: 12 வாரத்துக்கு மேல் தொந்தரவு என்று தேதியோடு ஓபி சீட்டுகள், மருந்துச் சீட்டுகள், சிடி அறிக்கையும் படமும், எண்டோஸ்கோப் படம். முடிந்த பிறகு பலூன் உறையில் உள்ள லாட் எண் ஸ்டிக்கரை அறுவைக் குறிப்பில் ஒட்டுங்கள், இன்வாய்ஸும் அதே எண்ணோடு இருக்கட்டும். நிறைய பாலிசிகளில் காது மூக்கு தொண்டை நோய்களுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு, பாலிசி தொடங்கிய தேதியை முதலில் பாருங்கள்.

---

கரூர்_காமூதொ:

16-ஆம் பல்லுக்குக் கோன் பீம் எழுதிவிட்டேன். கடைசியாக ஒன்று: விரித்த பிறகு கழுவல், மறுபார்வை எப்படி? ரத்தம் மெலிய மாத்திரை எடுப்பவர்களையும் கொஞ்சம் சொல்லுங்கள்.

---

ரைனோ_மதுரை:

ரத்த மெலிவு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்குச் சைனசைவிட இதயம் பெரிது. எழுதிக்கொடுத்த இதய மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். பலூனில் சவ்வை வெட்டுவதில்லை என்பதால் ஃபெஸ்ஸைவிட ரத்தம் குறைவு, சிலருக்கு நிறுத்தாமலே செய்ய முடியும். அவர்களுக்கு முதல் முறை தியேட்டர் வசதி உள்ள இடத்தில் செய்யுங்கள்.

கழுவல் மறுநாளிலிருந்து, பக்கத்துக்கு 240 மிலி பாட்டில், நாளுக்கு இரண்டு முறை. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றி வரும் செய்திகளுக்குப் பிறகு, போர்த் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடச் சொல்ல யாருக்கும் துணிவு வரக்கூடாது. சவ்வு வீக்கம் அதிகம் உள்ளவருக்கு அதே பாட்டிலில் 0.5 மிகி புடசோனைடு ரெஸ்பியூல் ஒன்றைக் கலந்து கொடுக்கலாம். பலூன் வாயைத்தான் திறந்தது, சவ்வின் அழற்சிக்கு மருந்து தொடர வேண்டும். 'ஆபரேஷன் ஆயிற்றே' என்று ஸ்ப்ரேயை நிறுத்துபவர்தான் மறுபடி வருவார். ஒரு வாரம் மூக்கைப் பலமாகச் சீந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

கண் வீக்கம், இமையைச் சுற்றி நீலம், பார்வை மங்கல், குனிந்தால் ஒரு பக்கம் தெளிந்த நீர் சொட்டுவது: இந்த நான்கையும் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்து, இரவானாலும் அழைக்கச் சொல்லுங்கள். வெகு அபூர்வம்தான், ஆனாலும் கொடுங்கள்.

முதல் பார்வை 1 முதல் 2 வாரத்தில், பொருக்கு இருந்தால் மெதுவாக எடுக்க. பிறகு 3 மாதத்தில் ஸ்னாட்-22 என்ற அறிகுறிக் கேள்வித்தாள். செய்வதற்கு முன் எடுத்த மதிப்பெண் இருந்தால்தான் இதற்கு அர்த்தம், அதனால் இன்றைக்கே ஒரு கட்டு நகல் எடுத்து வரவேற்பு மேசையில் வைத்துவிடுங்கள். 9 புள்ளிக்குக் குறைவாக இறங்கியிருந்தால் நோயாளிக்கு உண்மையில் ஒன்றும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மறுபடி பலூன் போடாமல், சிடியையும் நோய் நிர்ணயத்தையும் முதலில் இருந்து பாருங்கள்.